டீப்பாயில் தேநீர் இல்லை

லண்டன் ஏலக்கடைகளின் பழம்பொருள் பட்டியல்களில் ‘டீப்பாய்’ என்ற பெயரோடு ஒரு பொருள் அடிக்கடி வரும். ஒற்றைத் தூண், தூணின் அடியில் விரிந்த மூன்று அல்லது நான்கு பாதங்கள், உச்சியில் மூடி போட்ட ஒரு பெட்டி. மூடியைத் திறந்தால் தேயிலை வைக்கும் டப்பாக்கள் இரண்டோ நான்கோ இருக்கும். கூடவே கண்ணாடிக் கிண்ணங்கள். பெட்டிக்குப் பூட்டும் சாவியும் உண்டு. சோபாவுக்கு முன்னால் செய்தித்தாளையும் காபி டம்ளரையும் தாங்கி நிற்கிற நம் வீட்டு டீப்பாயை மட்டுமே அறிந்தவர்களுக்கு இது வேறு ஏதோ சாமானாகத்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே சொல்லின் வழிவந்தவை. அந்தச் சொல்லுக்கும் தேயிலைக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது.

மூலச் சொல் இந்துஸ்தானியின் ‘திபாயி’. ‘தி’ என்றால் மூன்று, ‘பாயி’ என்றால் கால் உடையது. வடக்கே கயிற்றுக் கட்டிலுக்குச் ‘சார்பாயி’ என்று பெயர். நான்கு கால் கொண்டது என்பதே அதன் பொருள். ‘பைஜாமா’வின் முதற்பாதியும் இதே காலைக் குறிக்கும் பாரசீகச் சொல்தான்: காலுக்கான உடை. ஆக, திபாயி என்பது மூன்று கால் வைத்த சிறு பலகை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் தங்கள் பங்களாத் தாழ்வாரங்களில் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்ட இந்தச் சாமான், அவர்கள் ஊர் திரும்பியபோது பெயரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறியது.

இங்கிலாந்தில் அந்தப் பெயர் காதில் விழுந்த விதம் வேறு. ‘தி’ என்ற பல்லொலி அவர்கள் நாவில் கிடையாது, ‘டி’ என்றார்கள். டி என்றவுடன் அந்த நாட்டாருக்கு நினைவில் எழுவது தேநீர் ஒன்றே. 1808இல் மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் வெளியிட்ட வடிவ நூலிலேயே சொல்லின் முன்பாதி தேநீரின் எழுத்துக்கூட்டலைப் பெற்றுவிட்டது. ஆனாலும் அங்கே அது வெறும் சிறு மேசைதான். விருந்தினர் எழுந்து போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே எதையாவது அருந்துவதற்கு உதவுவது. அதன் பிறகுதான் பொருள் பெயரைப் பின்தொடரத் தொடங்கியது. டீ என்று பெயரில் இருக்கிறதே, டீ எங்கே என்று கேட்டவர்களைப்போல, தச்சர்கள் மேசைப் பலகையை எடுத்துவிட்டுத் தேயிலைப் பெட்டியை ஏற்றி வைத்தார்கள். தவறாகக் கேட்ட ஒரு சொல்லுக்கு ஏற்றபடி மரத்தை இழைத்திருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியில் பொருளுக்குப் பெயர் வந்த கதைகள் ஏராளம். பெயருக்காகப் பொருள் உருமாறிய கதை அரிது. இந்தச் சொல்லின் மீது எனக்குத் தீராத ஈர்ப்பு இருப்பதற்கு அதுவே காரணம்.

விக்டோரியா அரசி பட்டத்துக்கு வந்த 1837ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இந்தப் பெட்டி நடுத்தர, மேல்தட்டு வீடுகளின் வரவேற்பறைகளில் பெருமையோடு நின்றது. மகோகனியிலும் ரோஸ்வுட்டிலும் செய்தார்கள். பர்மிங்காமின் ஜென்னன்ஸ் அண்ட் பெட்ரிட்ஜ் போன்ற நிறுவனங்கள் காகிதக்கூழை அச்சிலிட்டு இறுக்கிக் கறுப்பு மெருகு ஏற்றி, முத்துச்சிப்பித் துண்டுகள் பதித்து மரச்சாமான் செய்த காலமும் அதுதான். பெட்டிக்குள் கறுப்புத் தேயிலை ஒரு பக்கம், பச்சைத் தேயிலை ஒரு பக்கம். ஈரம் படாமலிருக்க டப்பாக்களுக்கு உள்ளே ஈயத் தகடு. வீட்டுத் தலைவி விருந்தினர் முன்னிலையில் இரண்டையும் கிண்ணத்தில் கலப்பாள். சாவி அவள் கையில்தான் இருக்கும், வேலையாட்களிடம் போகாது.

அந்தப் பூட்டுக்குக் காரணம் வரி. 1784இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்கு ஒரேயடியாகக் குறைத்தார்கள். பிரான்சோடு போர் மூண்டபோது அது மீண்டும் ஏறிக்கொண்டது. 1834 வரை சீனத் தேயிலை வணிகம் முழுதும் கம்பெனியின் ஏகபோகம். 1840களில் ஒரு பவுண்டு தேயிலைக்கு வரி மட்டுமே இரண்டு ஷில்லிங்குக்கு மேல். 1865இல் அது ஆறு பென்ஸுக்கு, அதாவது அரை ஷில்லிங்குக்கு இறங்கியது.

வரி இறங்கிய அதே காலத்தில் தேயிலையும் பெருகியது. அசாம் தேயிலை 1839இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின் மலைநாடு முழுதும் தேயிலை பரவியது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள். அவர்கள் உழைப்பில் மலிந்த தேயிலை லண்டன் தொழிலாளி வீட்டு அடுப்படி வரை போய்ச் சேர்ந்தது. பூட்டி வைக்கவேண்டிய பண்டமாக அது இல்லாமல் போனபோது பூட்டுப்போட்ட பெட்டிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. மரச்சாமான் வரலாறுகள் இந்த மாற்றத்தை ‘ரசனை மாறியது’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ரசனைக்குப் பின்னால் கூலி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

தேநீரோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை என்று அழுத்தமாக அச்சில் சொன்னது ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். 1882இலேயே இறந்துவிட்டதால் நூல் முழு உருப்பெற்றதை அவர் காணவில்லை. முகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் விழுந்த வடிவமே நூலின் தலைப்பு.

அந்த நூல் ஒரு படி மேலே போய், திபாயி என்ற சொல்லையே ஓர் ஐரோப்பியர் ஆக்கியிருக்கலாம் என்று ஊகிக்கிறது. பாரசீகத்தில் மூன்று ‘சே’. முறைப்படி ‘சிபாயி’ என்று வரவேண்டும். அது படைவீரனைக் குறிக்கும் ‘சிப்பாயி’யோடு குழம்பும் என்று அஞ்சித் திபாயி என்று மாற்றியிருக்கலாமாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. முக்கோணம் ‘திகோன்’, மும்மடங்கு ‘திகுனா’, மூவண்ணம் ‘திரங்கா’ என்று இந்தியில் மூன்றைக் குறிக்கும் முன்னொட்டு ‘தி’ என்று இயல்பாக வழங்குகிறது. மூன்று கால் பலகைக்குப் பெயர் வைக்க அந்த மொழி பேசிய தச்சருக்கு வெள்ளைக்காரர் துணை தேவைப்பட்டிருக்காது.

தமிழுக்கு இந்தச் சொல் எந்த வழியாக வந்தது? இந்துஸ்தானியிலிருந்து நேரே வந்திருந்தால் தாசில்தார், தர்பார்போலத் தகர வரிசையில் நின்றிருக்கும். ‘திப்பாய்’ என்று இருந்திருக்கும். முதலெழுத்து டகரமாக இருப்பதே இது ஆங்கிலத்தின் வாய்வழி வந்ததற்குச் சான்று. குறில் நெடிலாகி ‘டீ’ என்று நீண்டிருப்பது இன்னும் வலுவான சான்று: லண்டன்காரர்களின் அந்தத் தவறு உச்சரிப்போடு சேர்ந்தே இங்கே இறங்கியிருக்கிறது. ஆனால் பெட்டி வரவில்லை. பங்களாவில் புழங்கிய சிறு மேசைதான் நம் கூடத்துக்கு வந்தது. மூலப்பொருளுக்கு நெருக்கமாக நிற்பது நம்முடைய டீப்பாயே.

மேசையும் அலமாரியும் போர்த்துகீசியம் தந்தவை. சோபா அரபியில் பிறந்து ஆங்கிலம் வழியே வந்தது. காலை எண்ணிப் பெயர் வைக்கும் வழக்கமோ தமிழிலேயே உண்டு: முக்காலி, நாற்காலி. திபாயி என்பதும் முக்காலி என்பதும் பொருளில் ஒன்றே.

இன்று சில பட்டியல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் டீப்பாயை ஆங்கிலச் சொல் என்று விலக்கி, ‘தேநீர் மேசை’ என்று எழுதுகிறார்கள். அது இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு காதுப் பிழைக்குத் தமிழ் வடிவம் கொடுப்பதாகும். தனித்தமிழ் வேண்டுவோர் ‘குறுமேசை’ என்று எழுதட்டும். மூன்று கால் இருந்தால் ‘முக்காலி’ என்றே சொல்லட்டும். மற்றவர்கள் தயங்காமல் டீப்பாய் என்றே எழுதலாம். தேநீர் மேசையை மட்டும் விட்டுவிடுங்கள்.