ஓரணாவும் ஓடிபியும்

எங்க ஊர் விக்கிரமசிங்கபுரம். பஸ் போர்டுல வி.கே.புரம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணியோட விசையை நம்பி பாபநாசம் மலையடிவாரத்தில் நூற்பாலை போட்டாங்க. அந்த ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர். இங்க பொறந்துட்டு நான் பார்க்கிற வேலைக்கும் பஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. இணையதளங்களுக்கு நிரல் எழுதுறேன். அதுலயும் ரொம்ப அலுப்பான பகுதி ஒண்ணு உண்டு: புதுசா வர்றவரைப் பதிவு பண்ணி, அவர் கணக்கை ஆக்டிவேட் பண்றது. அதை அலுப்பா நெனச்சதால ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை. பொறுத்துக்கோங்க.

1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி இருந்தார். ரோட்டுக்குச் சரளை கொண்டுவர ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம். கையெழுத்து போதாதுன்னு, கோனாயோட உள்ளங்கையில் மை தடவி அந்தக் காகிதத்தின் பின்பக்கம் பதிய வச்சார். நாளைக்கு "இது நான் போட்டது இல்லை"ன்னு அந்த ஆள் மறுத்துடக் கூடாது, அதான் நோக்கம். கைரேகை வரலாற்றை எழுதுறவங்க இந்தக் காகிதத்தை விட்டுட்டுப் போக மாட்டாங்க. கவனிச்சுப் பாருங்க, அந்த ரேகையால பாதுகாப்பு சர்க்காருக்குத்தான். கை வச்சவருக்கு இல்லை.

அடுத்து 1952. தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம், அதான் நம்ம பி.எஃப்., முதலில் ஆறே தொழில்களுக்குத்தான் வந்தது: சிமென்ட், சிகரெட், பொறியியல், இரும்பு-எஃகு, காகிதம், ஜவுளி. அன்னைக்குப் பிடித்தம் சம்பளத்துல ஆறேகால் சதவீதம். கணக்குப் போட்டா சரியா ரூபாய்க்கு ஓரணா. முதலாளி பங்கும் ஓரணா.

பி.எஃப்.-ல வாரிசு நியமிக்க 2-ம் எண் படிவம்னு ஒண்ணு உண்டு. அதோட அடியில் நிறுவனத்தார் ஒரு சான்று கொடுக்கணும்: இவர் என் முன்னாடி கையெழுத்தோ கைநாட்டோ வச்சார், எழுதியிருக்கிறதை அவரே படிச்சார், இல்லைன்னா நான் படிச்சுக் காட்டினேன். இந்தப் "படிச்சுக் காட்டினேன்" ஹெர்ஷல் காகிதத்துக்கு அடுத்த படி. கை வச்சவருக்கும் விஷயம் தெரியணும்னு இங்கதான் வருது.

இனி என் தொழிலுக்கு வர்றேன். ஒருத்தர் தளத்தில் பேரு, மின்னஞ்சல், கடவுச்சொல் கொடுத்ததும் கணக்கு உருவாகிடும், ஆனா உறக்கத்துல இருக்கும். யாரும் ஊகிக்க முடியாத நீளமான ஒரு குறியீட்டை உண்டாக்கி, அவர் கொடுத்த முகவரிக்கு அனுப்புவோம். அது திரும்பி வந்து ஒத்துப்போனா கணக்கு முழிச்சுக்கும். ஒரு தடவைதான் செல்லும். நேரம் போனா செல்லாது. செல்போனுக்குக் குறுஞ்செய்தியில் வர்ற ஓடிபியும் இதே ஜாதிதான். எதுக்கு இவ்வளவு? முகவரியைத் தப்பா அடிச்சிருக்கலாம். அடுத்தவர் முகவரியைக் கொடுத்திருக்கலாம். ஆளே இல்லாம ஒரு நிரல் ஆயிரம் கணக்கு திறக்கலாம்.

ஆனா ஒண்ணு. இந்தச் சோதனை "நீ யாரு?"ன்னு கேக்கிறதே இல்லை. "இந்த நம்பர் இப்ப உன் கையில இருக்கா?" அவ்வளவுதான் கேக்குது.

2014 அக்டோபர் 16-ல் பி.எஃப். சந்தாதாரர்களுக்கு யு.ஏ.என். அறிமுகமாச்சு. 12 இலக்க எண், வேலை மாறினாலும் அதே எண். அதுக்கு முன்னாடி கம்பெனி மாறினா புது நம்பர். பழைய பணம் பழைய நம்பர்லயே கிடக்கும். நல்ல ஏற்பாடு. அப்பல்லாம் எண்ணைக் கம்பெனி வாங்கித் தந்தது, இணையத்தில் ஆக்டிவேட் பண்றது தொழிலாளி பொறுப்பா இருந்தது.

எங்க தெரு அண்ணாச்சி ஒருத்தர், வெளியூர்ல ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தவர், சீட்டை எடுத்துட்டு எங்கிட்ட வந்தார். "தம்பி, நீதான கம்ப்யூட்டர் படிச்சவன், இதைப் பாரு"ன்னார். அவர் அடிக்கடி சிம் மாத்துறவர். நான் ரொம்ப புத்திசாலித்தனமா என் நம்பரைப் போட்டேன். ஓடிபி எனக்கு வந்தது, நானே அடிச்சேன், நானே "சம்மதம்" கட்டத்தை டிக் பண்ணேன். அஞ்சே நிமிஷம். அண்ணாச்சிக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை.

ரெண்டு வருஷம் கழிச்சு நான் அந்த நம்பரை விட்டுட்டேன். இந்தியாவுல விட்ட நம்பர் 90 நாளுக்கு அப்புறம் வேற ஆளுக்குப் போகலாம். மதினி ஆபரேஷனுக்கு முன்பணம் எடுக்க அண்ணாச்சி உக்காந்தப்ப, ஓடிபி யாரோ ஒருத்தர் போனுக்குப் போயிட்டிருந்தது. ஆதார் விவரத்தை ஒத்துப் பார்த்து நம்பரை மாத்துறதுக்குள்ள நாலு நாள் அலைச்சல். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டலை. "ஏம் தம்பி, அப்ப என் பணத்துக்கு இத்தன நாள் சாவி உங்கிட்டயா இருந்தது?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

2025-ல் உமங் செயலியில் முகத்தைக் காட்டியே யு.ஏ.என். ஆக்டிவேட் பண்ற வழி வந்துட்டது. செல் நம்பர் மாதிரி முகத்தை இரவல் கொடுக்க முடியாது, சரிதான். ஆனா என்ன சம்மதம் கொடுக்கிறோம்னு தெரியாமலே முகத்தையும் காட்டலாம், கையையும் வைக்கலாம். அந்தப் பழைய படிவம் கேட்ட "படிச்சுக் காட்டினேன்" எந்தக் குறியீட்டாலயும் நிரம்பாது. அதைப் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆள்தான் செய்யணும். அன்னைக்கு அந்த ஆள் நான். செய்யலை.

உங்க அப்பா, மாமா, பக்கத்து வீட்டுப் பெரியவர் கணக்குல யாரோட நம்பர் இருக்கு? இன்னைக்கு ராத்திரி ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.