பத்து நிமிட ஆயில் சர்வீஸ் வந்த கதை



சென்ற கமிட்டிக் கூட்டத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்கில் கிடந்த எண்ணெய்க் கறை பற்றிப் பேச்சு வந்தது. யார் வண்டி என்று கேட்டபோது நான்தான் கை தூக்கினேன். நான் வண்டிக்கு அடியில் படுத்து நானே ஆயில் மாற்றியிருப்பேன் என்று பலரும் நினைத்தார்கள். என் பழைய பழக்கம் அப்படி, அதனால் அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் நடந்தது வேறு. முதல் நாள் மாலை ஒரு விரைவு சர்வீஸ் கடையில் வண்டியை விட்டு, ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் திரும்ப வாங்கி வந்தேன். பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரைத் திருகிவிட்டார்கள். வழியெல்லாம் கசிந்தது போக மிச்சம் நம் தரையில் சொட்டியது. காலையில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட எண்ணெய் இல்லை. அப்படியே கிளம்பிப் போயிருந்தால் எஞ்சின் கைவிட்டுப் போயிருக்கும்.

அதே கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. வளாகத்துக்குள் யாரும் எந்த வண்டி வேலையும் செய்யக் கூடாது என்று தடை போடுவது ஒன்று. மாதம் ஒருமுறை வீட்டு வாசலுக்கே வரும் சர்வீஸ் வேனை அனுமதிப்பது மற்றொன்று. இரண்டும் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகின்றன. அதற்கு முன், வண்டியைப் பத்து நிமிடத்துக்கு முன்பின் தெரியாத ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் முடிவெடுக்க உதவும் என்று தோன்றியது.

கீழே படுத்தவர்கள் காலம்

சாமானியர் கைக்குக் கார் வந்தது 1908-இல், ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி மூலம். 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். வாங்கியவர்களில் பலர் கிராமத்து விவசாயிகள். பக்கத்தில் பட்டறை கிடையாது. அதனால் கம்பெனி கொடுத்த கையேடு கேள்வி பதிலாகவே இருந்தது, நம் பள்ளிக்கூட நோட்ஸ் மாதிரி. அந்த வண்டியில் டிப்ஸ்டிக் இல்லை. எஞ்சினுக்கு அடியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். ஆள் கீழே குனிந்து மேல் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் வராவிட்டால் கீழ்க் குழாயைத் திறக்க வேண்டும். அதிலும் வராவிட்டால் எண்ணெய் போதாது என்று அர்த்தம். ஆயில் ஃபில்டரும் கிடையாது. எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் 1923-இல்தான் காருக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார். 'ப்யூர் ஆயில் லேட்டர்' என்ற சொற்களைச் சுருக்கி 'ப்யூரோலேட்டர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆகவே ஆரம்ப நாட்களில் 'நானே செய்வதா, கடையில் கொடுப்பதா' என்ற கேள்வியே எழவில்லை. வண்டி வைத்திருந்தவர் அதற்கு வேலைக்காரனாகவும் இருந்தார். பணக்காரர்கள் மட்டும் டிரைவர் வைத்துக்கொண்டார்கள்.

பங்க் மறைந்தது, குழி வந்தது

அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அமெரிக்காவில் இந்த வேலையைப் பெட்ரோல் பங்க் ஏற்றுக்கொண்டது. பெட்ரோல் போடும் ஆளே கண்ணாடியைத் துடைத்து, பானெட்டைத் திறந்து எண்ணெய் அளவு பார்ப்பார். பங்குக்குப் பின்னாலேயே மெக்கானிக் ஷெட் இருக்கும். வாரா வாரம் பார்க்கும் முகம் என்பதால் நம்பிக்கையும் இருந்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. விலை ஏறியது, பல பங்குகள் மூடப்பட்டன. மிஞ்சியவை செலவைக் குறைக்க, வாடிக்கையாளரே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் முறைக்கு மாறின. மெக்கானிக் ஷெட் இருந்த இடத்தில் குளிர்பானமும் பிஸ்கட்டும் விற்கும் கடை வந்தது. அப்படியானால் ஆயில் மாற்ற எங்கே போவது?

அந்த வெற்றிடத்தில்தான் விரைவு சர்வீஸ் வளர்ந்தது. இந்தத் தொழிலில் பெயர் பெற்ற ஜிஃபி லூப் 1971-இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் தொடங்கியது. 1979-இல் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஜேம்ஸ் ஹிண்ட்மேன் அதை வாங்கி, கிளை உரிமை கொடுத்து நாடு முழுக்கப் பரப்பினார். வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. நீளமான குழிக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினால், குழிக்குள் ஒருவர் எண்ணெயை வடிப்பார், மேலே ஒருவர் ஊற்றுவார். முன்வாசல் வழியாக வந்த வண்டி பின்வாசல் வழியாகப் போய்விடும்.

இதில் கணக்குப் படித்தவனாக நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. 1991-இல் ஜிஃபி லூப் பென்சாயில் என்ற எண்ணெய்க் கம்பெனியின் கைக்குப் போனது. 2002-இல் அந்தக் கம்பெனியை ஷெல் வாங்கியது. எண்ணெய் விற்பவரும், எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்பவரும் ஒருவரே ஆனார்கள். 3,000 மைலுக்கு, அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு, ஒருமுறை மாற்றச் சொல்லிக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவது அங்கே பொது வழக்கமாக இருந்தது. எஞ்சினும் எண்ணெயும் எவ்வளவோ மேம்பட்ட பிறகும் அந்த எண் பல காலம் நகரவில்லை. கடைசியில் கலிபோர்னியா மாநில அரசே, ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள் என்று மக்களிடம் பிரசாரம் செய்தது.

நம் ஊர்க் கதை

நம் நாட்டில் 1950-களின் இறுதியில் அம்பாசிடர் வந்தது. ஃபியட் 1100 பிறகு பத்மினி ஆனது. நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-இல் வந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி என்பதால் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ள வேலையும் நிறைய இருந்தது. கிரீஸ் அடிக்க வேண்டும், பாயின்ட் தேய்த்து இடைவெளி வைக்க வேண்டும், பிளக் துடைக்க வேண்டும், கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருப்பார். சாமான் வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பழையது போதுமென்றால் புதுப்பேட்டை.

நான் 1992-இல் வங்கியில் வாகனக் கடன் போட்டு ஒரு பழைய பத்மினி வாங்கினேன். கிளார்க் சம்பளத்தில் ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடம் போக முடியாது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார், பிறகு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். இரண்டு ஆண்டில் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கசியக் கூடாது என்று டிரெயின் பிளக்கை முழு பலத்தோடு முடுக்கினேன். மரை அறுந்துபோனது. சேம்பரையே கழற்றி வேலை செய்ய வேண்டியதாகிவிட்டது. மிச்சம் பிடிக்க நினைத்ததைப் போல் பல மடங்கு செலவு. அண்ணன் திட்டவில்லை. "சார், என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வெளிவந்த பிறகு நிலைமை மெல்ல மாறியிருந்தது. கூப்பன் புத்தகம், குறித்த கிலோமீட்டருக்கு இலவச சர்வீஸ், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறை என்று ஒரு முறை வந்தது. 2000-ஐ ஒட்டி மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசிகள் வந்தன. தெரு மெக்கானிக்கால் காதால் கேட்டுச் சொல்ல முடிந்த கோளாறைச் சொல்ல இப்போது ஒரு கருவி தேவைப்பட்டது. அந்தக் கருவி கம்பெனியிடம் மட்டும் இருந்தது.

இது முறையா என்ற புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் அபராதம் விதித்தது. மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. விரைவு சர்வீஸ் கடைகளும் வாசலுக்கு வரும் வேன்களும், கம்பெனி பட்டறைக்கும் தெரு மெக்கானிக்குக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் வளர்ந்திருக்கின்றன.

எழுதுபவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர்

முப்பத்தைந்து வருடம் வங்கியில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் எழுதுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் வேறொருவர். எழுதியவர் நாணயமானவர்தான், ஆனாலும் தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது. நல்ல விரைவு சர்வீஸ் கடைகளிலும் இதே முறை உண்டு. குழிக்குள் இருப்பவர் "பிளக் முடுக்கியாச்சு, ஃபில்டர் முடுக்கியாச்சு" என்று உரக்கச் சொல்வார். மேலே இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எண்ணெய் ஊற்றுவார். என் பத்மினியில் தப்பு நடந்தது எழுதியவனும் பார்த்தவனும் நானே என்பதால். சென்ற மாதம் தப்பு நடந்தது கடையில் இரண்டாமவர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்பதால். யார் செய்தாலும் இன்னொருவர் பார்க்க வேண்டும். கடையில் கொடுத்தால் அந்த இன்னொருவர் நாம்தான்.

அதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டாம்:

1. கையேட்டில் சொன்ன எண்ணெய் வகையை (0டபிள்யூ-20 போன்றவை) எழுதி எடுத்துப் போங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளின் புகை வடிகட்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஆகும். மாற்றி ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், செலவு பெரியது.

2. எண்ணெய் டப்பாவை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கத் தவறியது இதைத்தான்.

3. டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர் போட்டார்களா என்று கேளுங்கள்.

4. எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கீழே பாருங்கள். அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மறுநாள் காலையில் கிளம்பும் முன் இன்னொரு முறை.

5. தேதி, கிலோமீட்டர், பில் எண் ஒரு நோட்டில் இருக்கட்டும். வாரண்டி பேச்சு வந்தால் அதுதான் சாட்சி.

நாமே செய்துகொள்ளக் கூடியவையும் உண்டு. ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் ரப்பர், டயர் காற்று, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு பார்ப்பது. பிரேக் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

இனி, பொதுக்குழுவுக்கு என் கருத்து. முழுத் தடை வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கவும் வைப்பர் மாற்றவும்கூட அனுமதி கேட்க வைப்பது சரியல்ல. ஆனால் ஆயில் மாற்றுவதை வளாகத்துக்குள் நிறுத்திவிடலாம். என்னைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பழைய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. ஒரு காலன் எண்ணெய் பத்து லட்சம் காலன் குடிநீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. நம் மழைநீர் வடிகாலோ நேரே சேகரிப்புக் கிணற்றுக்குப் போகிறது. வேன் வருவதானால், பழைய எண்ணெயைத் தாங்களே எடுத்துப் போய் அனுமதி பெற்றவரிடம் சேர்ப்போம் என்று எழுதிக் கொடுக்கட்டும். தரையில் விரிப்புப் போட்டு வேலை செய்யட்டும். வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கட்டும்.

கறையை மரத்தூளும் சோப்புத் தூளும் போட்டு ஓரளவு எடுத்துவிட்டோம். அன்று காலையில் முகம் சுளிக்காமல் உதவிய நம் ஹவுஸ்கீப்பிங் அம்மாவுக்கு என் நன்றி. லேசாகத் தெரியும் மிச்சத்துக்கு பெயின்ட் செலவு என் கணக்கில்.

– ஏ பிளாக்கிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்