கட்டுக்காரர் கைக்கு ஏன் டிகிரி கிடைக்கல?

என் இடது மணிக்கட்டு முழுசா மடங்காது. எட்டாவது படிக்கும்போது கீரனூர்ல கிரிக்கெட் ஆடி விழுந்தேன். அப்பத்தா ஆஸ்பத்திரிக்கு விடல, நேரா கட்டுப் போடுற இடத்துக்குத்தான். மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு, துணி. எக்ஸ்ரே கிடையாது. எலும்பு சேர்ந்துச்சு, ஆனா கோணலா. அதே ஊர்ல, ஜல்லிக்கட்டுல சித்தப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கினப்போ ஒரு பெரியவர் ரெண்டு நிமிஷத்துல ஏத்திவிட்டார். ஒரே மரபு, ரெண்டு ரிசல்ட். இந்தக் கேள்விதான் இன்னைக்கு எபிசோட்.

திருப்பதிக்குப் பக்கத்துல இருக்கிற புத்தூர்ல ராஜு குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையா கட்டுப் போடுறாங்க. இன்னைக்குத் தமிழ்நாட்டுல பல ஊர்ல 'புத்தூர் கட்டு' போர்டு தொங்குது. யார் வேணா மாட்டலாம் போல. தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசான்கள். அவங்க கணக்குல 108 வர்மம், அதுல 12 படுவர்மம், 96 தொடுவர்மம்.

இதெல்லாம் நம்ம ஊர் விஷயம் மட்டும்னு நினைக்காதீங்க. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்துலயும் பரம்பரைக் கட்டுக்காரங்க இருந்தாங்க. டாக்டர்கள் அவங்களைக் கிண்டல் பண்ணாங்க. ஆனா 1867-ல ஜேம்ஸ் பேஜெட்ங்கிற பெரிய சர்ஜன், "இவங்க குணப்படுத்துற கேஸ்கள்" பத்தியே ஒரு லெக்சர் கொடுத்தார். மாசக்கணக்குல அசைக்காம வச்சு இறுகிப்போன மூட்டை இவங்க அசைச்சு விட்டுடுறாங்க, அதுல நல்லதைக் கத்துக்கோங்க, கெட்டதை விட்டுடுங்கன்னு சொன்னார்.

அடுத்தது எனக்குப் பிடிச்ச கதை. லண்டன்ல ரிச்சர்ட் ஹட்டன்னு ஒரு கட்டுக்காரர். அவர் உடம்பு சரியில்லாம கிடந்தப்போ டாக்டர் பீட்டர் ஹுட் காசு வாங்காம பார்த்தார். நன்றிக்கு ஹட்டன், என் தொழிலைச் சொல்லித் தரேன்னார். கத்துக்கிட்டது மகன் வார்ட்டன் ஹுட், அவரும் டாக்டர். ஹட்டன் இறந்த பிறகு, 1871-ல எந்த மூட்டை எப்படிப் பிடிக்கணும், எப்படித் திருப்பணும்னு எழுதிப் புத்தகமாவே போட்டுட்டார். குடும்ப ரகசியம் ஓப்பன் சோர்ஸ் ஆன தருணம் அது.

அமெரிக்காவுல ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-ல மூளைக்காய்ச்சல்ல அவர் பிள்ளைங்க மூணு பேர் செத்துப்போனாங்க. அன்றைய மருந்து மேல இருந்த நம்பிக்கையே போச்சு. எலும்பும் மூட்டும் சரியா இருந்தா உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கும்னு 1874-ல ஒரு கொள்கையை அறிவிச்சார். அதுக்குப் பேர் ஆஸ்டியோபதி. எல்லா நோய்க்கும் முதுகெலும்புதான் காரணம்ங்கிற ரேஞ்சுக்கு அவர் போனது ஓவர்தான். ஆனா 1892-ல மிசௌரியின் கிர்க்ஸ்வில்ல கல்லூரி தொடங்கினார், முதல் வகுப்புலயே பெண்களும் இருந்தாங்க. 1910-ல ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை இந்தக் கல்லூரிகளைக் கிழிச்சுத் தொங்கவிட்டுச்சு. வலிச்சாலும் பாடத்திட்டத்தைத் திருத்தினாங்க. இன்னைக்கு அங்க ஆஸ்டியோபதி டாக்டர் ஆபரேஷனும் பண்ணலாம், மருந்தும் எழுதலாம்.

நம்ம பக்கம்? 1921-ல சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில குழு போட்டுச்சு. 1923-ல அறிக்கை, அப்புறம் சென்னையில இந்திய மருத்துவப் பள்ளி. சித்த மருத்துவத்துக்குப் பாடத்திட்டமும் பட்டமும் வந்துச்சு. வர்மமும் அதுக்குள்ள இடம் பிடிச்சது. பரம்பரைக் கட்டுக்காரங்க பெரும்பாலும் வெளியவே நின்னுட்டாங்க. ஓலைச்சுவடி இருந்த மரபுக்கு சிலபஸ் எழுத முடிஞ்சது. கையில மட்டும் இருந்த தொழிலுக்கு முடியல. யாரும் உட்கார்ந்து எழுதிக்கல, தப்பானதை யாரும் கணக்கு எடுக்கல. என் மணிக்கட்டு எந்த பக் ரிப்போர்ட்லயும் இல்ல.

விளைவு சின்னதில்ல. கட்டு இறுகினா ரத்த ஓட்டம் நின்னு கை அழுகிப்போகலாம். விரல் நீலமாச்சு, மரத்துப்போச்சு, வலி கூடிக்கிட்டே போகுதுன்னா அந்த நிமிஷமே கட்டை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அப்பத்தா திட்டினாலும் பரவால்ல.

போன மாசம் ஊருக்குப் போனப்போ சித்தப்பாகிட்ட, அந்தப் பெரியவர் தோளை எப்படி ஏத்தினார்னு கேட்டேன். "கையைப் புடிச்சாருப்பா, என்னவோ பேசிக்கிட்டே இருந்தாரு, டக்குனு சத்தம் கேட்டுச்சு"ன்னார். பெரியவர் இப்ப இல்லை. பிள்ளைங்க திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்குறாங்க.