மெழுகுவர்த்தி எங்கே போயிற்று?

மின்சாரம் தடைப்பட்ட இரவில் மெழுகுவர்த்தி ஏற்றாத வீடு நம்மிடையே உண்டா? மாலையில் ஒரு சாண் இருந்த வர்த்தி, படுக்கப் போகும் வேளையில் விரலளவாகிவிடுகிறது. "மிச்சம் எங்கே போயிற்று?" என்று பிள்ளை கேட்டால், "எரிந்து போயிற்று" என்கிறோம். எரிந்தது சரி, போனது எங்கே? விறகு எரிந்தால் சாம்பலாவது மிஞ்சும். மெழுகு எரிந்தால் அதுவும் இல்லை. இந்தக் கேள்விக்கு விடை காண அறிஞர்களுக்கே நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஸ்டால் என்ற மருத்துவ அறிஞர் ஒரு கொள்கையைப் பரப்பினார். எரியக்கூடிய பொருள்களில் எல்லாம் 'ஃபுளோஜிஸ்டன்' என்ற ஒன்று ஒளிந்திருக்கிறது. பொருள் எரியும்போது அது வெளியேறுகிறது என்பதே அக்கொள்கை. தேய்ந்துகொண்டே வரும் மெழுகுவர்த்தியைப் பார்த்தால் இது உண்மைபோலத்தான் தோன்றும். கற்றோர் பலர் பல்லாண்டு காலம் இதை நம்பினார்கள்.

இங்கிலாந்தில் ஜோசஃப் பிரீஸ்ட்லி என்ற சமயப் போதகரும் இதை நம்பியவரே. 1771-ஆம் ஆண்டில் அவர், ஒரு மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன காற்றுக்குள் புதினாச் செடியின் கொத்தொன்றை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் வர்த்தி மீண்டும் எரிந்தது! 1774-இல் அவர் வேறொரு வாயுவைப் பிரித்தெடுத்தார். அதற்குள் மெழுகுவர்த்தி வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தது. நாம் பிராணவாயு என்று சொல்வது அதுதான். ஆயினும், கண்டெடுத்தது இன்னதென்று அவர் முழுமையாக உணரவில்லை.

உணர்ந்தவர் பிரான்சு நாட்டு லவாய்சியர். அவருடைய கருவி தராசு. 1772-இல் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து நிறுத்துப் பார்த்தார். எரிந்தபின் எடை குறையவில்லை, கூடியிருந்தது! ஏதோ வெளியேறியிருந்தால் எடை கூடுமா? பிறகு வெள்ளீயத்தைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சூடேற்றினார். உள்ளே ஈயம் மாறியது. கலத்தின் மொத்த எடையோ மாறவில்லை. எரிதல் என்பது ஒன்றை இழப்பதன்று, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுவது என்று அவர் நிறுவினார்.

இதைச் சிறுவர்களுக்கும் புரியவைத்தவர் மைக்கேல் ஃபாரடே. 1791-இல் லண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் மட்டுமே பள்ளியில் கற்றார். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சென்றார். கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவை வளர்த்தார். 1813-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் கழகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், அறுபத்தொன்பது வயதில், அங்கே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். எடுத்துக்கொண்ட பொருள், ஒரு மெழுகுவர்த்தி!

அவர் காட்டியவை என்ன? திரி, உருகிய மெழுகை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. அங்கே மெழுகு ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. வர்த்தியை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீ வைத்தால், நெருப்பு அதன் வழியே ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். சுடருக்குமேல் குளிர்ந்த கலத்தைப் பிடித்தார். அதில் நீர்த்துளிகள் படிந்தன. வர்த்தியிலிருந்து வந்த வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தினார். நீர் பால்போல் வெளுத்தது. அது கரியமில வாயுவின் அடையாளம். நாம் விடும் மூச்சும் அதே நீரை அப்படியே வெளுக்கச் செய்யும் என்று கடைசிச் சொற்பொழிவில் காட்டினார்.

ஆக, மெழுகு அழியவில்லை. அதிலுள்ள கரியும் ஹைட்ரஜனும் பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. 10 கிராம் மெழுகு முழுதும் எரிய ஏறக்குறைய 34 கிராம் பிராணவாயு சேர்கிறது. அதனால் 31 கிராம் கரியமில வாயுவும் 13 கிராம் நீராவியும் உண்டாகின்றன. வர்த்தி தேய்கிறது; வெளியே போவதோ அதைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்ட எடை! கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று எண்ணிவிட்டோம்.

காற்றில் கலந்த கரியமில வாயுவைப் பகல் வெளிச்சத்தில் செடிகொடிகள் எடுத்துக்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகின்றன. பிரீஸ்ட்லியின் புதினா செய்ததும் இதுவே. நம் தோட்டத்து ரப்பர் மரமும் செம்பனையும் நாள்தோறும் இதைத்தான் செய்கின்றன.

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளை இக்கேள்வியைக் கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். உலர்ந்த கண்ணாடிக் குவளை ஒன்றைச் சுடருக்குச் சற்று மேலே சில நொடி கவிழ்த்துப் பிடித்துக் காட்டுங்கள். குவளையின் உட்புறம் வியர்க்கும். "மெழுகின் ஒரு பங்கு இதோ, நீராக வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். கொல்லர் வீட்டுப் பிள்ளை விளக்கிய உண்மை நம் வீட்டுப் பிள்ளைக்கும் எட்டாததன்று.