வச்சிரம், மரம், வெயில்: சிறு விமானத்துக்குப் புரொப்பெல்லர் தேர்ந்த வரலாறு

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையுள்ள டேனரிகளில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் உட்புறச் சவ்வைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தச் சவ்வும், ஓரம் நறுக்கிய துண்டுகளும் பதனிட உதவா. அவற்றைக் கழுவி, மெல்லிய சூட்டில் காய்ச்சி, உறையவிட்டு உலர்த்தினால் கிடைப்பது வச்சிரம், தச்சர்களின் பழைய பசை. தானே விமானம் கட்டிப் பறக்க முனைந்தவர்கள் புரொப்பெல்லரை எப்படித் தேர்ந்தார்கள் என்று ஆராய்வோர் எஞ்சினையும் அலகின் வடிவத்தையுமே பெரிதும் பேசுகிறார்கள். விமானத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் அந்தத் தேர்வுக்கு எல்லை வகுத்ததில் பசைக்கும் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1903இல் ரைட் சகோதரர்களுக்கு விலைக்கு வாங்கப் புரொப்பெல்லரே இல்லை. கப்பல் திருகுக்கான கணக்குகள் காற்றுக்கு உதவவில்லை. அலகைச் சுழலும் இறக்கையாகவே கருதிக் கணக்கிட்டார்கள். ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடரியாலும் இழைப்புக் கத்தியாலும் செதுக்கினார்கள். எட்டரை அடி விட்டம். 12 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து சங்கிலி வழியே வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று மட்டுமே சுழலவிட்டார்கள். அந்த அலகுகளின் திறன் 75 விழுக்காட்டுக்கும் மேல் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. பெரிய விட்டம், மெதுவான சுழற்சி என்ற இந்த முடிவு பின்னர் சிறு விமானங்களில் பல பத்தாண்டுகள் பெரிதும் கைவிடப்பட்டது. மீண்டும் அது திரும்பிய கதையைக் கீழே காண்போம்.

1909 ஜூலை 25 அன்று பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, அவருடைய 25 குதிரைத்திறன் அன்சானி எஞ்சின் சுழற்றியது ஷோவியேர் செய்த வால்நட் மரப் புரொப்பெல்லரை. ஓராண்டுக்குள் சென்னையும் இந்தக் கதைக்குள் வந்தது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர் டி'ஆஞ்சலிஸ் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். கட்டிக் கொடுத்தது, 1840 முதல் சாரட்டு வண்டிகள் செய்துவந்த சிம்சன் கம்பெனி. சிறிய எஞ்சின் பொருத்திப் பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன் பறந்தார். அந்நாளில் விமானம் கட்ட ஏற்ற இடம் வண்டிப் பட்டறைதான். மரத்தின் ரேகை பார்த்து வெட்டுவதும், வளைப்பதும், ஒட்டுவதும் அங்கிருந்தவர்களுக்குக் கைவந்த கலை.

ஒட்டுவது என்றால் எளிதன்று. வச்சிரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து, ஏறத்தாழ 60 டிகிரியில் இளக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். ஆறினால் கவ்வி இறுக்குவதற்குள் உறைந்துவிடும். ஆகவே பலகையையும் அறையையும்கூடச் சூடாக வைத்தார்கள். ஒட்டிய கட்டையை நாட்கணக்கில் கிடத்தி, ஈரம் சமனான பிறகே இறுதிச் செதுக்கல். முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம் புரொப்பெல்லருக்கு உயர்தரத் தோல் வச்சிரத்தையே கேட்டது. மேடிசன் நகரின் வனப்பொருள் ஆய்வகம் அதன் தரத்தைச் சோதித்தது. அதே போரில் சென்னை மாகாணத்தின் ஆவாரம்பட்டைத் தோலை அரசே கொள்முதல் செய்து ராணுவ பூட்ஸுக்கு அனுப்பியது. விமானத் தொழிலும் தோல் தொழிலும் அன்று ஒரே மாட்டுத்தோலை நம்பியிருந்தன என்பதை நம் வட்டாரத் தொழில் வரலாறு இன்னும் உரிய அழுத்தத்துடன் எழுதவில்லை.

வச்சிரத்தின் பகைவன் ஈரம். புழுக்கத்தில் இளகும், பூசணம் பிடிக்கும், அடுக்குகள் பிரியும். எனவே வெப்ப நாடுகளில் மரப் புரொப்பெல்லரைத் தேர்வது அதன் ஒட்டை நம்புவதாகவும் இருந்தது. 1937இல் நார்மன் டி புரூயின் கொண்டுவந்த ஏரோலைட் போன்ற செயற்கைப் பிசின்கள் இந்த அச்சத்தைப் போக்கின. அதற்குள் உலோக அலகுகளும் வந்துவிட்டன. பறக்கும்போதே அலகின் கோணத்தை மாற்றும் அமைப்புக்காக ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1933ஆம் ஆண்டின் காலியர் விருதைப் பெற்றது.

அதன்பின் கேள்வி விட்டத்துக்கும் பிட்சுக்கும், அதாவது ஒரு சுற்றில் அலகு முன்னேறும் தூரத்துக்கும், மாறியது. 44 அங்குல பிட்ச் உள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2500 முறை சுழன்றால், நழுவல் இல்லாத கணக்கில் மணிக்கு 168 கிலோமீட்டர் முன்னேறும். பிட்ச் குறைந்தால் எஞ்சின் எளிதில் வேகமெடுக்கும், விமானம் நன்றாக ஏறும்; கூடினால் நெடும் பறப்பு நன்றாக அமையும், ஏற்றம் திணறும். நிலையான பிட்சில் இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. விட்டத்துக்கு ஒலிவேகமே தடை. ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினை நேரடியாக இணைத்து 3200 சுற்றில் ஓட்டினால், 1.7 மீட்டர் புரொப்பெல்லரின் நுனி நொடிக்கு 285 மீட்டரில் பாயும். இரைச்சலும் இழுவையும் ஏறும். அதனால்தான் அவ்வகை விமானங்களில் குட்டையான புரொப்பெல்லர்கள். ராட்டக்ஸ் 914 எஞ்சினின் 5800 சுற்றைப் பல்சக்கரம் 2387ஆகக் குறைக்கிறது. அதே விட்டத்தில் நுனிவேகம் நொடிக்கு 212 மீட்டர்தான். ரைட் சகோதரர்களின் சங்கிலி செய்ததைப் பல்சக்கரம் மீட்டுத் தந்தது. பெங்களூருவின் விமான ஆய்வகமான என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா-3 சிறு விமானம், இந்த எஞ்சினோடு கோணம் தானே மாறும் ஹாஃப்மன் புரொப்பெல்லரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் 1980களில் லாங்-ஈஸி என்ற, வீட்டிலேயே கட்டும் விமானத்தின் வடிவத்தைத் தழுவி அவர்கள் கட்டிய ஆய்வு விமானத்தில் புரொப்பெல்லர் பின்னால் இருந்தது. இறக்கை கலைத்த காற்றை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டிச் செல்வதால், அவ்வகையில் அதிர்வைத் தாங்கும் மரமே ஏற்றது. உலோகம் களைத்து விரிசலிடும்.

இதே தோல் வட்டாரத்தின் வேலூரில் விமானம் கட்டுபவர் எதைத் தேர்வது? அங்குள்ள அப்துல்லாபுரம் ஓடுபாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் மலை. 40 டிகிரி வெயிலில், கடல்மட்டத்துக்கு மேலே வேலூர் இருக்கும் உயரத்தையும் சேர்த்தால், காற்றின் அடர்த்தி கடல்மட்டத் தரக்கணக்கைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத எஞ்சினின் ஆற்றலும் அதே அளவு குறையும். புரொப்பெல்லருக்கு எதிரான காற்றின் சுமையும் கூடவே குறைவதால், நின்ற நிலையில் சுற்றுமானி வழக்கமான எண்ணையே காட்டும். இழுவிசை மட்டும் குறைந்திருக்கும். இந்த ஏமாற்று ஆபத்தானது. ஆகவே நிலையான பிட்ச் என்றால் ஏற்றத்துக்கான குறைந்த பிட்சையே இங்கே பரிந்துரைப்பேன். பறப்பு வேகத்தில் சற்று இழப்பது பெரிதல்ல. பணம் இடம்கொடுத்தால், தரையில் கோணம் மாற்றக்கூடிய கார்பன் இழை அலகுகள் இன்னும் பொருத்தம்: கோடைக்கு ஓர் அமைப்பு, மார்கழிக்கு வேறு.

மரத்தை விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. பிசின் மாறினாலும் மரம் மாறவில்லை. வடகிழக்குப் பருவமழையில் அது உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். நடுமையத்தை அழுத்தும் போல்ட்டுகளின் இறுக்கமும் அதற்கேற்ப மாறும். தளர்ந்தால் மரம் உரசிக் கருகும். பருவம் மாறும்தோறும் டார்க் ஸ்பேனரால் சரிபார்க்க வேண்டும். நிறுத்தும்போது அலகுகளைக் கிடைமட்டமாக விட வேண்டும். நட்டமாக நின்றால் ஈரம் கீழ் அலகில் இறங்கிச் சமநிலை கெடும்.