கேன்டர்–பிராட் உட்கட்சித் தேர்தல் (2014)

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில 7ஆவது தொகுதியில், பிரதிநிதிகள் சபைக்கான குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2014 ஜூன் 10 அன்று நடந்த வாக்கெடுப்பு. சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரும், அடுத்த சபாநாயகர் எனப் பேசப்பட்டவருமான எரிக் கேன்டர், அரசியல் களத்துக்குப் புதியவரான டேவ் பிராட்டிடம் தோற்றார். 1899இல் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பதவி உருவானது முதல் அதுவரை, அதை வகித்த எவரும் உட்கட்சித் தேர்தலில் தோற்றதில்லை.

பிராட், ஆஷ்லாந்து நகரின் ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியில் அப்போது பொருளியல் பேராசிரியராக இருந்தார். குடியேற்றச் சட்டத் திருத்தத்தில் கேன்டர் இளகிவிட்டார் என்பதே அவருடைய முக்கியக் குற்றச்சாட்டு. வானொலித் தொகுப்பாளர் லாரா இங்கிரஹாம் அவருக்காக மேடையேறினார். பிராட் செலவிட்டது சுமார் 2 லட்சம் டாலர். கேன்டர் தரப்பு 50 லட்சத்துக்கும் மேல். அதில் மாட்டிறைச்சி உணவகங்களுக்குப் போனது மட்டுமே ஏறத்தாழ 1,68,000 டாலர் என்று தேர்தலுக்குப் பிறகு செய்தி வந்தது. கேன்டரின் சொந்தக் கருத்துக்கணிப்பு 34 புள்ளி முன்னிலை காட்டியிருந்தது; முடிவோ பிராட்டுக்குச் சுமார் 55.5 விழுக்காடு. குடியேற்றப் பிரச்சினையே காரணம் என்று அன்று பலரும் எழுதினர். தொகுதிப் பக்கம் தலைகாட்டாத தலைவர் மீதிருந்த எரிச்சலுக்கும் அதே அளவு பங்கு உண்டு.

வர்ஜீனியாவில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவதில்லை. எனவே ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களே உள்ளே புகுந்து கேன்டரைக் கவிழ்த்தார்கள் என்ற பேச்சும் எழுந்தது.

நவம்பர் பொதுத்தேர்தலில் பிராட் தோற்கடித்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜாக் டிராமெலும் அப்போது அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்தான். 2018இல் அபிகெயில் ஸ்பான்பெர்கரிடம் பிராட் இடத்தை இழந்தார்.