மணி அடித்த பிறகு

‘பத்ரகாளி’ படத்தைப் பற்றி எங்கட பழைய ஆக்களிடம் கேட்டால், கதையை விடக் கதாநாயகியைத்தான் முதலில் சொல்வார்கள். “அந்தப் பிள்ளை படம் முடியமுதலே பிளேன் விபத்தில போயிட்டுது மனே.” ராணி சந்திராவைத்தான் சொல்கிறார்கள். படம் வெளிவந்தது 1976 டிசம்பரில். அவர் இறந்தது அதற்கு இரண்டு மாதம் முந்தி, ஒக்டோபர் 12இல்.

கொக்கட்டிச்சோலையில் வளர்ந்த எங்களுக்குப் பிளேன் என்றாலே பெரியவர்கள் சொல்லும் யுத்தகாலக் கதைதான். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடின கதை. மேலே பறக்கிறவர்களுக்கும் பயம் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை. அந்த விபத்தைத் தேடி வாசித்தபோதுதான், விமான எஞ்சினில் நெருப்புப் பிடித்தால் என்ன நடக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன்.

அது பம்பாயிலிருந்து மெட்ராசுக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் கரவெல் விமானம். மேலெழும்பிய கொஞ்ச நேரத்தில் இரண்டாம் எஞ்சின் உடைந்தது. விமானிகள் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஓடுபாதைக்குக் கிட்ட வந்த நேரம் விமானம் தலைகீழாகச் சரிந்து விழுந்தது. அதில் இருந்த 95 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் காரணம் தெரிந்தது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் பகுதியின் 10ஆவது தட்டில் உலோகச் சோர்வால் ஒரு வெடிப்பு. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒருநாள் முறியும் அல்லவா, அதுதான் உலோகச் சோர்வு. சிதறிய தட்டு எரிபொருள் குழாய்களை அறுத்தது. நெருப்பு பிடித்தது. அந்த நெருப்பு ஹைட்ராலிக் எண்ணெயையும் தின்றது. விமானத்தைத் திருப்பவும் தூக்கவும் அந்த எண்ணெயின் அழுத்தம்தான் வேண்டும். அது போனதும் விமானியின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எஞ்சின் நெருப்புக்கென்று ஒரு காவல் ஏற்பாடு உண்டு. எஞ்சினைச் சுற்றி மெல்லிய உணரிக் குழாய் ஓடும். சூடு ஏறினால் அதற்குள் இருக்கும் பொருளின் மின்தடை குறையும். விமானி அறையில் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். பழைய விமானங்களில் பொய்யாக மணி அடிப்பதும் நடந்தது. அதனால் இப்போது ஒரே எஞ்சினுக்கு இரண்டு குழாய்கள். வழமையாக இரண்டும் ஒத்துச் சொன்னால்தான் அது நெருப்பு.

மணி அடித்ததும் விமானி ஒரு கைபிடியை இழுப்பார். எரிபொருள் வாசல் மூடும், ஹைட்ராலிக் வாசல் மூடும். அதற்குப் பிறகுதான் போத்தல். கைபிடியைத் திருப்பினால் ஒரு சிறு வெடிமருந்து போத்தலின் வாயை உடைத்து, ஹலோன் வாயுவை எஞ்சின் கூட்டுக்குள் பீச்சும். நெருப்புக்குள் நடக்கும் இரசாயனத் தொடரையே ஹலோன் அறுக்கும். அணையாவிட்டால் இரண்டாவது போத்தல்.

இதில் வரிசைதான் உயிர். எண்ணெய் வந்துகொண்டே இருந்தால் எத்தனை போத்தல் அடித்தும் பலனில்லை. எஞ்சின் கூடு பிய்ந்திருந்தால் வாயு உள்ளே நிற்கவும் மாட்டாது.

இந்தப் பாடம் 1976க்கு முதலே எழுதப்பட்டிருந்தது. 1968 ஏப்ரல் 8, லண்டன் ஹீத்ரோ. சிட்னிக்குப் புறப்பட்ட பிஓஏசி நிறுவனத்தின் போயிங் 707. அதிலும் இரண்டாம் எஞ்சின்தான். அதிலும் உலோகச் சோர்வால் ஒரு தட்டுத்தான் உடைந்தது. முதலில் எஞ்சின் பழுது என்று நினைத்து அதற்குரிய வேலையைத் தொடங்கினார்கள். நடுவில் நெருப்பு மணி அடித்தது. ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குத் தாவிய பதற்றத்தில் கைபிடி இழுபடவில்லை. எரிபொருள் பாய்ந்துகொண்டே இருந்தது. எரிந்த எஞ்சின் கழன்று விழுந்த பிறகும் நெருப்பு நிற்கவில்லை.

நாலு நிமிடத்துக்குள் விமானத்தைத் தரையிறக்கினார்கள். 127 பேரில் 122 பேர் தப்பினார்கள். இறந்த ஐவரில் ஒருவர் 22 வயதுப் பணிப்பெண் பார்பரா ஜேன் ஹாரிசன். பின்பக்கக் கதவால் ஆக்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே நின்றவர். அவருக்குப் பிரித்தானியா ஜோர்ஜ் கிராஸ் விருது கொடுத்தது. அதைவிடப் பெரிய காரியம் எனக்கு இன்னொன்று: எஞ்சின் பழுது, எஞ்சின் நெருப்பு என்று பிரிந்து கிடந்த இரண்டு பட்டியல்களையும் பிஓஏசி ஒன்றாக்கியது. தாவ வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

விமானியைத் திட்டிவிட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஏன் மறந்தார்கள் என்று கேட்டு, மறக்கவைத்த ஏற்பாட்டை மாற்றினார்கள்.

விசாரணை என்ற சொல்லை எங்கட ஊரும் அறியும். 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது, சாட்சி கேட்டது, படையினர்தான் பொறுப்பு என்றது. பிறகு இராணுவ நீதிமன்றம். பொறுப்பதிகாரி பதவி நீக்கப்பட்டார். கொலைக்கென்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

விமான விபத்தும் படுகொலையும் ஒன்றல்ல. ஒன்று தவறு, மற்றது தெரிந்து செய்தது. ஆனால் இரண்டிலும் அறிக்கை எழுதினார்கள். ஹீத்ரோ அறிக்கைக்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டால், விமானி அறையில் இருக்கும் பட்டியலைக் காட்டலாம். எங்கட அறிக்கைக்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டால் எதைக் காட்டுவது? அந்த மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் கிடக்கு.